முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 – ஜூலை 22, 1968) புதுக்கோட்டையில் பிறந்த மருத்துவர், சமூக சீர்திருத்தவாதி, சட்டமன்ற உறுப்பினர் ஆவார். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912 ஆம் ஆண்டில் பட்டம் பெற்ற இவர், பிரித்தானிய இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினராகவும் சென்னை சட்டமன்ற மேலவையின் துணைத் தலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறை ஒழிப்பு, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல், தாய்சேய் மருத்துவ வசதி ஆகியவற்றிற்காகப் பாடுபட்டார். அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றைத் தோற்றுவித்தார்.

இவரது பணிகள் பலவாறாகப் பிரிந்து தோன்றினாலும் அவற்றிற்கு அடிப்படை ஒன்றே. கருவில் உள்ள குழந்தையின் நலன் தாயின் உடல்நலத்தைச் சார்ந்தது. தாயின் உடல்நலமோ அவள் மணம் முடிக்கும் வயது, உண்ணும் உணவு, பெறும் கல்வி, வாழும் சூழல் ஆகியவற்றைச் சார்ந்தது. மருத்துவமனையில் தொடங்கிய அவரது பணி சட்டமன்றம் வரை சென்றதற்கு இதுவே காரணமாகும்.

பிறப்பும் குடும்பமும்

முத்துலட்சுமி அன்றைய புதுக்கோட்டை சமஸ்தானத்தில் பிறந்தார். சமஸ்தானம் 1948 ஆம் ஆண்டில் இந்திய ஒன்றியத்துடன் இணைந்தது. புதுக்கோட்டை 1974 ஆம் ஆண்டில் தனி மாவட்டமானது. தந்தை எஸ். நாராயணசாமி ஐயர், புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றிய கல்வியாளர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தைச் சேர்ந்தவர். அக்குலத்தின் சில குடும்பங்களில் பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கம் அக்காலத்தில் இருந்தது. சாதி கடந்த இம்மணத்தால் நாராயணசாமி ஐயர் தம் உறவினரின் புறக்கணிப்புக்கு உள்ளானார். தாயின் குலத்துப் பெண்கள் பட்ட துன்பங்களை முத்துலட்சுமி இளம் வயதிலேயே அருகிருந்து அறிந்தார். அந்த அறிவு பின்னாளில் அவர் கொண்டுவந்த சட்டங்களுக்கு உந்துதலாக அமைந்தது.

கல்வி

பெண் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவதே அரிதாக இருந்த காலம் அது. பூப்பெய்திய பெண்கள் வீட்டை விட்டு வெளியே வருவதும் தவறாகக் கருதப்பட்டது. ஆகவே முத்துலட்சுமி குறிப்பிட்ட வயதுக்குப் பின் வீட்டிலிருந்தே தந்தையின் உதவியுடன் படித்து, 1902 ஆம் ஆண்டில் தனித்தேர்வராக மெட்ரிகுலேசன் தேர்வில் வெற்றி பெற்றார்.

அதன்பின் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். ஆண்கள் மட்டுமே பயின்ற அக்கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்குப் பெற்றோர் சிலரும் ஆசிரியர் சிலரும் எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர் பிறந்த ஆண்டாகிய 1886 இலேயே அரியணை ஏறியிருந்த மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான், எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாது அனுமதி வழங்கினார். 1904 ஆம் ஆண்டில் கல்லூரியில் சேர்ந்த முத்துலட்சுமி அதன் முதல் மாணவி ஆவார். மருத்துவம் பயிலச் சென்னைக்குச் செல்லவும் சமஸ்தானத்தின் உதவி அவருக்குக் கிடைத்தது. இக்கல்லூரி இன்று மாமன்னர் கல்லூரி என்னும் பெயரில் இயங்குகின்றது.

மருத்துவக் கல்லூரியில்

1907 ஆம் ஆண்டில் முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் என்று சிலர் இவரைக் குறிப்பிடுவதுண்டு, இது சரியன்று. சென்னை மருத்துவக் கல்லூரி 1875 ஆம் ஆண்டிலேயே பெண்களைச் சேர்த்துக் கொண்டது. அவ்வாறு பயின்றவர்களுள் மேரி ஷார்லீப் என்னும் ஆங்கிலேயப் பெண்மணி குறிப்பிடத்தக்கவர். மராட்டியத்தைச் சேர்ந்த ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவிலும், வங்காளத்தைச் சேர்ந்த காதம்பினி கங்கூலி கல்கத்தாவிலும் 1886 ஆம் ஆண்டில், அதாவது முத்துலட்சுமி பிறந்த ஆண்டிலேயே மருத்துவத் தகுதி பெற்றனர். எனினும் எம்.பி., சி.எம். என்னும் முழுமையான மருத்துவ, அறுவை மருத்துவப் பட்டத்தைச் சிறந்த மதிப்பெண்களுடன் பெற்ற தமிழ்ப் பெண்களுள் முத்துலட்சுமி முன்னோடி ஆவார். அறுவை மருத்துவத்தில் முதன்மை பெற்ற அவர், பல பரிசுகளையும் பதக்கங்களையும் வென்று 1912 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார்.

மகப்பேறு மருத்துவராக

பட்டம் பெற்றபின் சென்னை அரசு மகப்பேறு, கண் மருத்துவமனையில் உள்ளுறை மருத்துவராகப் பணியில் சேர்ந்தார். இப்பணியில் அமர்ந்த முதல் பெண் இவரே. 1844 ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றதும் இன்று எழும்பூரில் இயங்குவதுமான மகப்பேறு மருத்துவமனையே அக்காலத்தில் பிள்ளைப்பேற்றுக்கெனச் சென்னையில் இருந்த பெரிய அரசு நிலையமாகும்.

அந்நாளில் பெரும்பாலான பெண்கள் வீட்டிலேயே மருத்துவச்சியின் துணையுடன் குழந்தை பெற்றனர். மருத்துவமனைக்கு வருவதென்பது நிலைமை கைமீறிய பின்னரே நிகழ்ந்தது. ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டத் தயங்கியே பல பெண்கள் மருத்துவத்தை நாடவில்லை. இத்தயக்கத்தைப் போக்கும் பொருட்டு மேரி ஷார்லீப்பின் முயற்சியால் 1885 ஆம் ஆண்டில் சென்னையில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தொடங்கப்பட்டிருந்தது. அது இன்றைய திருவல்லிக்கேணி கஸ்தூரிபா காந்தி மருத்துவமனையாகும். ஆயினும் தேவையோடு ஒப்பிட வசதிகள் மிகக் குறைவாகவே இருந்தன.

கருக்குழந்தையைப் பற்றிய அக்கால அறிவு

முத்துலட்சுமி மருத்துவம் பயின்ற காலத்தில் கருவில் உள்ள குழந்தையைக் காணவோ அதற்கு மருத்துவம் செய்யவோ வழியில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்த்தும் குழல் வைத்து இதய ஒலியைக் கேட்டும் அறிந்தவை தவிர வேறெதுவும் மருத்துவருக்குத் தெரியாது. உடல் முழுதும் வீங்கி, வயிற்றிலும் மார்பிலும் நீர் கோத்த நிலையில் குழந்தை இறந்து பிறக்கும் நிகழ்ச்சிகள் அன்றும் இருந்தன. மருத்துவர்கள் அதனை ஹைட்ராப்ஸ் என்று அழைத்தனர். தமிழில் கருக்குழந்தையின் நீர்க்கோப்பு எனலாம்.

நீர்க்கோப்பு தனி நோய் அன்று. வேறொரு நோயின் கடைசி நிலையாகும். தோலின் அடியிலும், வயிற்றறை, நுரையீரலைச் சூழ்ந்த உறை, இதயத்தைச் சூழ்ந்த உறை ஆகியவற்றிலும் நீர் சேர்கின்றது. இவற்றுள் இரண்டு இடங்களிலேனும் நீர் சேர்ந்திருந்தால் அதனை நீர்க்கோப்பு என்பர். குழந்தைக்குக் கடுமையான இரத்தசோகை ஏற்பட்டு இதயம் களைத்துப் போதல், இதயத்தின் பிறவிக் குறைகள், குருதி நாளங்களிலும் நிணநீர் நாளங்களிலும் தடை, நிறப்புரிக் கோளாறுகள், தாயிடமிருந்து தொற்றும் நோய்கள் எனக் காரணங்கள் பல.

எடின்பரோவைச் சேர்ந்த ஜான் வில்லியம் பாலன்டைன் என்னும் மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கருக்குழந்தை நோய்களை விரிவாக ஆராய்ந்தார். பேற்றுக்கு முன்னரே கருவுற்ற பெண்களைக் கவனிக்க மருத்துவமனையில் தனி இடம் வேண்டும் என்று 1901 ஆம் ஆண்டில் அவர் வலியுறுத்தினார். கருவுற்ற நாள் முதல் தாயைக் கண்காணிக்கும் இன்றைய முறைக்கு அது ஒரு தொடக்கமாயிற்று.

காரணங்களுள் அக்காலத்திலேயே நன்கு அறியப்பட்டது மேகநோய் எனப்படும் சிபிலிஸ் ஆகும். இந்நோய்க் கிருமி தாயின் குருதியிலிருந்து நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைகின்றது. குழந்தையின் கல்லீரலும் மண்ணீரலும் பெருத்து, குருதி குன்றி, உடலில் நீர் கோக்கின்றது. கருச்சிதைவு, இறந்து பிறத்தல், பிறந்தபின் நோயால் நலிதல் ஆகியனவும் இதனால் விளைகின்றன. இந்நோயைக் குருதியில் கண்டறியும் வாசர்மன் சோதனை 1906 ஆம் ஆண்டிலும், சால்வார்சன் என்னும் மருந்து 1910 ஆம் ஆண்டிலும் வந்தன. இரண்டுமே முத்துலட்சுமியின் மாணவப் பருவத்தை ஒட்டியவை. எளிதாகவும் முழுமையாகவும் குணப்படுத்தும் பெனிசிலின் 1940களில்தான் பயனுக்கு வந்தது. அதுவரை கணவனிடமிருந்து மனைவிக்கும் அவளிடமிருந்து கருவுக்கும் செல்லும் இந்நோயைத் தடுப்பதே மருந்தினும் முதன்மையான வழியாக இருந்தது.

திருமணம்

முத்துலட்சுமி 1914 ஆம் ஆண்டில் மருத்துவர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்து கொண்டார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்னும் நிபந்தனைகளின் பேரிலேயே அவர் மணத்திற்கு இசைந்தார். திருமணம் சமயச் சடங்குகள் இன்றி, 1872 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அடையாற்றில் நடைபெற்றது. இவர்களுக்கு இராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மகன்கள். இளையவரான கிருஷ்ணமூர்த்தி பின்னாளில் புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவரானார்.

இலண்டன் பயணம்

1925 ஆம் ஆண்டில் அரசின் உதவித்தொகை பெற்று, பெண்கள், குழந்தைகள் நோய்கள் குறித்த மேற்படிப்புக்காக முத்துலட்சுமி குடும்பத்துடன் இலண்டன் சென்றார். அங்குக் கருவுற்ற பெண்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் தனித்தனியே அமைந்திருந்த மருத்துவ ஏற்பாடுகளை நேரில் கண்டார். 1926 ஆம் ஆண்டில் பாரிசில் நடைபெற்ற அனைத்துலகப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவின் சார்பில் கலந்து கொண்டார்.

சட்டமன்றத்தில்

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு 1921 ஆம் ஆண்டில் வாக்குரிமை கிடைத்தது. சட்டமன்றத்தில் இடம்பெறும் உரிமை 1926 ஆம் ஆண்டில் வந்தது. அன்னி பெசன்ட், மார்கரெட் கசின்ஸ் முதலியோர் 1917 ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திய மாதர் சங்கம் முத்துலட்சுமியின் பெயரைப் பரிந்துரைத்தது. மருத்துவத் தொழில் பாதிக்கப்படும் என்று முதலில் தயங்கிய அவர் பின்னர் இசைந்தார். சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, உறுப்பினர்கள் அனைவரின் ஒப்புதலுடன் துணைத் தலைவரானார். உலகில் ஒரு சட்டமன்றத்தின் துணைத் தலைவரான முதல் பெண் இவர் என்பர்.

சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்த தீர்மானங்களுள் பெரும்பாலானவை தாய்சேய் நலனைத் தொட்டவை.

பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். அதனை ஏற்ற அரசு மகப்பேறு மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவைத் திறந்தது.

நகராட்சிகளும் பிற உள்ளாட்சி அமைப்புகளும் நடத்தும் பள்ளிகளில் மாணவ மாணவியருக்கு முறையான மருத்துவப் பரிசோதனை நடைபெற வேண்டும் என்று வலியுறுத்தினார்.

திருமண வயதைப் பெண்களுக்கு 16 ஆகவும் ஆண்களுக்கு 21 ஆகவும் உயர்த்த வேண்டும் என்று 1928 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தார். உடல் முதிராத சிறுமியர் தாயாவதால் தாயும் சேயும் மடிவதை மகப்பேறு மருத்துவர் என்ற முறையில் அவர் நன்கறிவார். 1929 ஆம் ஆண்டில் நடுவண் சட்டமன்றம் நிறைவேற்றிய சாரதா சட்டம் பெண்ணின் வயதை 14 என்றும் ஆணின் வயதை 18 என்றும் வரையறுத்தது. முத்துலட்சுமி கேட்டதினும் இது குறைவே.

பெண்களை விலைக்கு வாங்கி விபசாரத்தில் ஈடுபடுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1930 ஆம் ஆண்டில் நிறைவேறவும் இவர் பாடுபட்டார்.

அதே ஆண்டு மே மாதத்தில் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகினார்.

தேவதாசி முறை ஒழிப்பு

பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடை செய்ய வேண்டும் என்னும் தீர்மானத்தை 1927 ஆம் ஆண்டில் முத்துலட்சுமி கொண்டுவந்தார். அறிவறியாச் சிறுமியின் எதிர்காலத்தைப் பிறர் முடிவு செய்வது அநீதி என்பது அவரது முதன்மையான வாதம். மருத்துவர் என்ற முறையில் மற்றொரு வாதமும் அவருக்கு இருந்தது. இத்தகைய உறவுகளால் பரவும் நோய்கள் ஏதுமறியா மனைவியரையும் பிறவாத குழந்தைகளையும் தாக்குகின்றன. ஆகவே இது மக்கள் உடல்நலச் சிக்கலுமாகும்.

இத்தீர்மானத்துக்கு எதிர்ப்பும் இருந்தது. தேவதாசிகள் சிலரே அமைப்பாகத் திரண்டு எதிர்த்தனர். இசைக்கலைஞர் பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் முன்னின்றார். தங்கள் கலையும் நிலவுரிமையும் பறிபோகும் என்பதும், தங்கள் அனைவரையும் ஒழுக்கமற்றவராகச் சித்திரிப்பது தவறு என்பதும் அவர்களது வாதம். மறுபுறம் அதே சூழலில் இருந்து வந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஒழிப்பு இயக்கத்தில் தீவிரமாக ஈடுபட்டார்.

1929 ஆம் ஆண்டில் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் ஒரு திருத்தம் நிறைவேறியது. கோயில் பணிக்கு ஈடாக வழங்கப்பட்ட மானிய நிலங்களைத் தேவதாசிகளுக்கே உரிமையாக்கி, அப்பணியிலிருந்து அவர்களை அது விடுவித்தது. வாழ்வுக்கு வழியின்றி எவரும் விடப்படக் கூடாது என்பதே இதன் நோக்கம். பொட்டுக் கட்டுதலை முற்றிலும் தடை செய்யும் சட்டம் 1947 ஆம் ஆண்டில்தான் நிறைவேறியது. முதல் தீர்மானத்துக்கும் இதற்கும் இடையே இருபது ஆண்டுகள் கழிந்திருந்தன. இச்சீர்திருத்தத்தால் சதிராட்ட மரபுக்கும் அதனை வளர்த்த பெண்களின் வாழ்வுக்கும் நேர்ந்த இழப்பு குறித்து ஆய்வாளரிடையே இன்றும் விவாதம் நடைபெறுகின்றது.

அவ்வை இல்லம்

பொட்டுக் கட்டப்படுவதிலிருந்து தப்பி வந்த சிறுமியர் தங்க இடமின்றித் தவித்தபோது முத்துலட்சுமி அவர்களைத் தம் வீட்டிலேயே ஏற்றுக்கொண்டார். இதுவே 1930களின் தொடக்கத்தில் அவ்வை இல்லம் என்னும் அமைப்பாக வளர்ந்து, 1936 ஆம் ஆண்டில் அடையாற்றுக்கு இடம்பெயர்ந்தது. ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமியருக்கும் உறைவிடம், கல்வி, தொழிற்பயிற்சி ஆகியவற்றை இது அளித்தது. செவிலியராகவும் ஆசிரியராகவும் பயிற்சி பெற்றுத் தம் காலில் நிற்கும் பெண்களை உருவாக்குவதே நோக்கமாக இருந்தது.

புற்றுநோய் மருத்துவமனை

முத்துலட்சுமியின் தங்கை 1923 ஆம் ஆண்டில் புற்றுநோயால் இறந்தார். மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற இயலாத துயரம் அவர் மனத்தில் நிலைத்தது. இந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்ற அவரது கோரிக்கை நீண்ட காலம் ஏற்கப்படவில்லை. பொதுமக்களிடம் நிதி திரட்டிப் பணியைத் தொடங்கினார். 1952 ஆம் ஆண்டில் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்ட, 1954 ஆம் ஆண்டில் 12 படுக்கைகளுடன் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அவருடைய மகன் கிருஷ்ணமூர்த்தியும் மருத்துவர் வி. சாந்தாவும் இதனை நாடறிந்த நிலையமாக வளர்த்தனர்.

நூல்களும் சிறப்புகளும்

இந்திய மாதர் சங்கத்தின் ஸ்திரீ தர்மம் இதழின் ஆசிரியராக முத்துலட்சுமி பணியாற்றினார். சட்டமன்ற அனுபவங்களைப் பற்றிய நூல் ஒன்றையும் தன் வரலாற்று நூலையும் ஆங்கிலத்தில் எழுதினார். கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்ட்டாக் குழுவின் உறுப்பினராக இருந்தார். 1954 ஆம் ஆண்டில் மாநில சமூக நல வாரியத்தின் முதல் தலைவரானார். இந்திய அரசு 1956 ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருது வழங்கியது.

மறைவும் அதன்பின் வளர்ந்த மருத்துவமும்

முத்துலட்சுமி ரெட்டி 1968 ஆம் ஆண்டு ஜூலை 22 அன்று சென்னையில் காலமானார். எண்பத்திரண்டாம் பிறந்தநாளுக்கு எட்டு நாட்களே எஞ்சியிருந்தன.

அவர் பட்டம் பெற்றபோது கைவிடப்பட்டதாகக் கருதப்பட்ட நீர்க்கோப்பு, அவர் வாழ்நாளுக்குள்ளேயே பெருமளவு விளக்கம் பெற்றது. பிறந்த குழந்தைகளிடம் காணப்பட்ட கடும் மஞ்சள் காமாலை, இரத்தசோகை, நீர்க்கோப்பு ஆகிய மூன்றும் ஒரே நோயின் வடிவங்கள் என்பது 1932 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எடுத்துக்காட்டப்பட்டது. 1940 ஆம் ஆண்டில் லாண்ட்ஸ்டைனரும் வீனரும் ஆர்எச் காரணியை அறிவித்தனர். தாயின் குருதியில் இக்காரணி இல்லாமல் குழந்தையின் குருதியில் இருந்தால், தாயின் உடலில் உருவாகும் எதிர்ப்பொருள்கள் நச்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் சிவப்பணுக்களை அழிக்கக்கூடும் என்பது இதனால் விளங்கிற்று. பொதுவாக முதல் குழந்தை தப்பிவிட, அடுத்தடுத்த குழந்தைகளே பாதிக்கப்பட்டன. 1963 ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் வில்லியம் லைலி கருக்குழந்தைக்கே இரத்தம் செலுத்திக் காட்டினார். எதிர்ப்பொருள்கள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி மருந்து, முத்துலட்சுமி மறைந்த 1968 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் பயன்பாட்டுக்கு வந்தது.

இன்று நீர்க்கோப்பு மீயொலி ஸ்கேன் மூலம் கருவிலேயே கண்டறியப்படுகின்றது. கண்டறிந்தபின் காரணத்தைத் தேடுவதே முதற்பணி. தாயின் இரத்த வகை, எதிர்ப்பொருள்கள், சிபிலிஸ், பார்வோ வைரசு முதலிய தொற்றுகள் ஆகியவை சோதிக்கப்படுகின்றன. குழந்தையின் மூளைக் குருதிக்குழாயில் இரத்த ஓட்டத்தின் வேகத்தை அளந்து இரத்தசோகை மதிப்பிடப்படுகின்றது. இரத்தசோகை கடுமையானால் தொப்புள்கொடியின் வழியாக இரத்தம் ஏற்றப்படுகின்றது. சிபிலிஸ் எனில் தாய்க்குப் பெனிசிலின் அளிக்கப்படுகின்றது. இதயத் துடிப்பு மிகையாக இருந்தால் தாய்க்குத் தரும் மருந்தே நச்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சேர்கின்றது. எனினும் காரணம் நீக்க இயலாததாயின் இன்றும் பல குழந்தைகள் பிழைப்பதில்லை. ஆதலின் தடுப்பே சிறந்தது. கருவுற்ற தொடக்கத்திலேயே இரத்த வகைச் சோதனையும் சிபிலிஸ் சோதனையும் செய்துகொள்ளுதல், ஆர்எச் எதிர்வகைத் தாய்க்கு ஏழாம் மாதத்திலும் பேற்றுக்குப்பின் 72 மணி நேரத்துக்குள்ளும் ஆன்டி-டி ஊசி போடுதல் ஆகியன அவற்றுள் முதன்மையானவை.

நினைவு

தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்துக்காக நிதி வழங்கும் அரசுத் திட்டம் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்னும் பெயர் தாங்கியுள்ளது. 1987 ஆம் ஆண்டில் தொடங்கிய இத்திட்டத்தின் உதவித்தொகை 2006 ஆம் ஆண்டில் 6,000 ரூபாயாகவும், 2011 ஆம் ஆண்டில் 12,000 ரூபாயாகவும், 2018 ஆம் ஆண்டில் ஊட்டச்சத்துப் பெட்டகத்துடன் சேர்த்து 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. கருவுற்றதை உரிய காலத்தில் பதிவு செய்து, பரிசோதனைகளுக்கு வந்து, மருத்துவமனையில் குழந்தை பெற்று, தடுப்பூசி போட்டால் தவணை தவணையாகப் பணம் கிடைக்கும். கருவுற்ற பெண்ணைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பதே இத்திட்டத்தின் உட்கருத்து.

இவரது பிறந்தநாளான ஜூலை 30 ஆம் நாளை மருத்துவமனை நாளாகக் கொண்டாடத் தமிழ்நாடு அரசு 2019 ஆம் ஆண்டில் ஆணையிட்டது. இவர் பிறந்த புதுக்கோட்டையில் 2017 ஆம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. மருத்துவம் பயில ஒரு பெண் ஊரை விட்டுச் சென்னைக்குச் செல்ல வேண்டியிருந்த புதுக்கோட்டையில், இன்று மாணவியர் தம் ஊரிலேயே மருத்துவம் பயில்கின்றனர்.